ஹாம்பர்கின் இரவுகளும் லிவர்பூலின் மதியங்களும்

1960 டிசம்பர் 27, கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள். லிவர்பூலின் வடக்கு ஓரத்தில் உள்ள லிதர்லாந்து டவுன் ஹாலில் இளைஞர்களுக்கான நடன நிகழ்ச்சி. வாசிக்க வந்த குழுக்களில் ஒன்று கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டது. பேசிய தொகை 6 பவுண்டு. "நேராக ஹாம்பர்கிலிருந்து" என்று அறிவித்ததால், வந்திருப்பவர்கள் ஜெர்மன் பையன்கள் என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். திரை விலகி முதல் பாட்டு தொடங்கியதும், அதுவரை ஆடிக்கொண்டிருந்த கூட்டம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையை நோக்கி ஓடியது. அந்தக் காலத்தில் நடன அரங்குக்கு வருகிறவர்கள் ஆடத்தான் வருவார்கள். மேடையில் யார் வாசிக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தக் குழு பீட்டில்ஸ். நாலரை மாதத்துக்கு முன்பு இதே பையன்கள் லிவர்பூலில் பத்தோடு பதினொன்று. அவர்கள் ஹாம்பர்குக்கு வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஏற்கெனவே அங்கே வாசித்துக்கொண்டிருந்த டெரி அண்ட் த சீனியர்ஸ் குழுவினர் ஏற்பாட்டாளருக்குக் கடிதம் எழுதி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இவ்வளவு சுமாரான குழுவை அனுப்பினால் எல்லோருடைய பிழைப்பும் கெட்டுவிடும் என்பது அவர்கள் கவலை.

நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "மணிக்கணக்கில் வாசித்தார்கள், தேறினார்கள்." அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. லிவர்பூலிலிருந்து போன வேறு பல குழுக்களும் அதே ஹாம்பர்கில் அதே அளவு நேரம் வாசித்தன. எப்படிப்பட்ட அறையில், யார் முன்னால், எதைச் சமாளிக்க வாசித்தார்கள் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த அறைகளைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 1956இல் லானி டானிகன் பாடிய ஸ்கிஃபிள் இசை பிரிட்டனையே பிடித்து ஆட்டியது. ஒரு மலிவான கித்தார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பும் கயிறும் கட்டிச் செய்த பேஸ் என்ற தாழ்சுருதிக் கருவி, இவ்வளவு இருந்தால் குழு தயார். இசை படித்திருக்க வேண்டியதில்லை. அப்படித்தான் ஜான் லெனன் தன் பள்ளி நண்பர்களோடு குவாரிமென் குழுவைத் தொடங்கினார். 1957 ஜூலை 6 அன்று வூல்ட்டன் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத் திருவிழாவில் அவர்கள் வாசித்தபோதுதான் பால் மெக்கார்ட்னி லெனனைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு பாலின் பள்ளித் தோழன் ஜார்ஜ் ஹாரிசன் வந்து சேர்ந்தார்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் உண்டு. அதுவரை பிரிட்டனில் பதினெட்டு வயதான ஆண்கள் இரண்டு ஆண்டு கட்டாய ராணுவச் சேவைக்குப் போக வேண்டும். 1939 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களை அரசு அழைக்கவில்லை. லெனன் பிறந்தது 1940 அக்டோபரில், பின்னாளில் இவர்களின் டிரம்மரான ரிங்கோ ஸ்டார் அதே ஆண்டு ஜூலையில், மற்றவர்கள் இன்னும் பின்னால். சில வருடம் முன்னால் பிறந்திருந்தால், ஆளுக்கொரு முகாமில் அணிவகுத்துக்கொண்டிருப்பார்கள். கித்தாரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா திரிய ஒரு தலைமுறைக்கே கிடைத்த சலுகை அது.

சரி, ஏன் ஹாம்பர்க்? அதுவும் லிவர்பூலைப் போலத் துறைமுக நகரம். சாங்க்ட் பவுலி பகுதியில் ரீப்பர்பான் என்ற தெருவும் அதை ஒட்டிய குரோசே ஃப்ரைஹைட் என்ற சந்தும் மதுவுக்கும் ஆடை அவிழ்ப்பு ஆட்டத்துக்கும் பேர்போனவை. கப்பல் இறங்கிய மாலுமிகள் கையில் காசோடு அங்கேதான் வருவார்கள். அவர்களுக்கு அமெரிக்க ராக் அண்ட் ரோல் வேண்டும். உள்ளூரில் அதை வாசிக்க ஆளில்லை, அமெரிக்காவிலிருந்து வரவழைக்கக் கட்டுப்படியாகாது. ஆங்கிலம் பேசும், ஓரளவு வாசிக்கும், கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் பையன்கள் பிரிட்டனில் கிடைத்தார்கள். கிளப் முதலாளி புரூனோ கோஷ்மீடருக்கும் லிவர்பூலில் ஜகரண்டா என்ற காபி பார் நடத்திய ஆலன் வில்லியம்சுக்கும் தொடர்பு ஏற்பட்டு, இந்தப் போக்குவரத்து தொடங்கியது.

பீட்டில்ஸிடம் அப்போது நிரந்தர டிரம்மர்கூட இல்லை. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு, ஆகஸ்ட் 12 அன்று, பீட் பெஸ்ட்டை வாசிக்கச் சொல்லிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். பீட்டின் அம்மா மோனா பெஸ்ட் தன் வீட்டு நிலவறையையே கஸ்பா என்ற கிளப்பாக மாற்றி இந்தப் பையன்களுக்கு வாசிக்க இடம் கொடுத்தவர். பெரிய வரலாறுகளில் அவருக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், பெஸ்ட், பேஸ் கித்தாருடன் லெனனின் ஓவியக் கல்லூரி நண்பர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப். ஐந்து பேரும் ஆகஸ்ட் 16 அன்று வில்லியம்சின் வேனில் கிளம்பி, கப்பலேறி, ஹாலந்து வழியாக மறுநாள் ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தார்கள். அன்று இரவே மேடை. கிளப்பின் பெயர் இந்திரா. தெருவுக்கு மேலே யானை உருவத்தில் விளக்குப் பலகை. நம் ஊர்த் தேவலோகத்தை நினைவூட்டும் பெயர்தான், ஆனால் உள்ளே அதுவரை நடந்தது ஆடை அவிழ்ப்பு ஆட்டம். தங்க இடம் என்று கொடுத்தது பாம்பி கினோ என்ற பழைய சினிமாக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் இருந்த சாமான் அறை. ஜன்னல் கிடையாது. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கழிப்பறை. முகம் கழுவ, சவரம் செய்ய எல்லாம் அங்கேதான் போக வேண்டும்.

ஒப்பந்தப்படி வார நாட்களில் இரவு 8 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடியும். நடுவே அரை மணி இடைவெளிகள் போக, வாசிக்கும் நேரம் நாலரை மணி. சனி, ஞாயிறுகளில் ஆறு மணி. விடுமுறை கிடையாது. இந்திராவில் அவர்கள் வாசித்தது 48 இரவுகள். அதில் 14 இரவுகள் சனி, ஞாயிறு. கணக்குப் போட்டால் 237 மணி நேரம் வருகிறது, அதுவும் ஏழு வாரத்துக்குள். சம்பளம் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மார்க்.

லிவர்பூலில் ஒரு குழுவுக்கு மேடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம். நன்றாக வரும் பத்து, பதினைந்து பாட்டை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். நாலரை மணிக்கு அது எந்த மூலைக்கு? ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினால் தாங்களே அலுத்துப் போவார்கள். அதனால் தெரிந்த எல்லாவற்றையும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ராக் அண்ட் ரோல், நாட்டுப்புறப் பாட்டு, மேடை நாடகப் பாட்டு, அப்பா காலத்து மெல்லிசை எல்லாம் கலந்தது. ரே சார்ல்ஸின் 'வாட்'ட் ஐ சே' மாதிரிப் பாட்டை எடுத்துக்கொண்டு, கூட்டத்தைக் கூடவே பாட வைத்து, நிமிடக் கணக்கில் நீட்டினார்கள். பிற்காலத்தில் ஒரே இசைத்தட்டில் ஏழெட்டு விதமான பாட்டைப் போட்டு உலகை அசத்திய குழு இது. அந்த தைரியத்தின் வேர் இந்த நேரத்தை நிரப்பும் நெருக்கடியில் இருக்கிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம் என்று தோன்றுகிறது. அன்றைய குழுக்களில் பெரும்பாலானவை ஒரு பாடகரையும் அவருக்குப் பின்னால் நிற்பவர்களையும் கொண்டவை. ரோரி ஸ்டார்ம் அண்ட் த ஹரிக்கேன்ஸ், டெரி அண்ட் த சீனியர்ஸ் என்று பெயரிலேயே அது தெரியும். நாலரை மணி நேரம் ஒரே தொண்டை தாங்காது. பீட்டில்ஸில் லெனன் பாடினார், மெக்கார்ட்னி பாடினார், ஹாரிசன் பாடினார். சட்கிளிஃபும் பெஸ்ட்டும்கூட ஆளுக்கு ஒன்று பாடினார்கள். ஒருவர் பாடும்போது மற்ற இருவரும் குரல் சேர்ப்பது பழக்கமாகியது. முன்னால் ஒருவர், பின்னால் மூவர் என்ற அமைப்பே இல்லாத குழுவாக அவர்கள் லண்டன் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்தவர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டது. ஹாம்பர்க் மேடைக்கு அது வெறும் தொண்டைக் கணக்கு.

கோஷ்மீடர் அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மாக் ஷாவ்!" ஆட்டம் காட்டுங்கள் என்று அர்த்தம். ஆரம்பத்தில் இவர்கள் அசையாமல் நின்று வாசித்தார்கள். வாசலில் போகிறவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். உள்ளே வந்து பீர் வாங்கினால்தான் முதலாளிக்குக் காசு. அங்கே வந்தவர்களில் பலருக்கு ஆங்கிலப் பாட்டின் வரிகள் புரியாது. காதல் சோகத்தை வரியில் சொல்லிப் புரியவைக்க முடியாத இடத்தில் உடம்பும் தாளமும்தான் பேச வேண்டும். லெனன் குதித்தார், நொண்டினார், தரையில் உருண்டார். பெஸ்ட் பெரிய டிரம்மை ஒவ்வோர் அடிக்கும் காலால் ஓங்கி மிதித்தார். அந்தத் தடதடப்பு தெருவரைக்கும் கேட்க வேண்டும். அது கேட்டது; மேல் மாடியில் குடியிருந்தவர்களுக்கும் கேட்டது. புகார் போய், அக்டோபர் 4 முதல் அதே முதலாளியின் பெரிய கிளப்பான கைசர்கெல்லருக்கு மாற்றப்பட்டார்கள்.

கைசர்கெல்லரில் ரோரி ஸ்டார்ம் குழுவோடு மாறி மாறி வாசிக்க வேண்டும். அந்தக் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார். அவர்கள் அப்போது லிவர்பூலின் முன்னணிக் குழு, இவர்களைவிடச் சம்பளமும் அதிகம். மேடை உளுத்துப்போன பலகை. யார் முதலில் அதை மிதித்து உடைப்பது என்று இரண்டு குழுவுக்கும் போட்டி. கடைசியில் உடைத்தது ரோரி ஸ்டார்ம். பின்னிரவில் கண் சொக்கும்போது விழித்திருக்க ப்ரெலுடின் என்ற மாத்திரை இந்தப் பிழைப்புக்குள் வந்தது. உடல் மெலிய விற்கப்பட்ட மாத்திரை அது. பசியை அடக்கி, தூக்கத்தையும் விரட்டும். கோஷ்மீடரின் காவலாள் ஹோர்ஸ்ட் ஃபாஷர் பழைய குத்துச்சண்டை வீரர். அடிதடி இல்லாத இரவு குறைவு. இதையெல்லாம் வீர சாகசமாகச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஜார்ஜுக்கு அப்போது 17 வயது. பகலில் துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் மாலுமிகள் இல்லத்துக்குப் போய்ப் பாலும் கார்ன்ஃபிளேக்ஸும் சாப்பிட்ட பிள்ளைகள் இவர்கள்.

கைசர்கெல்லர் இருந்த நிலவறைக்கு ஓர் இரவு வழி தவறியது போல வந்தவர் கிளாவுஸ் ஃபோர்மன் என்ற ஓவிய மாணவர். தோழி அஸ்ட்ரிட் கிர்ஷெருடன் மனத்தாங்கல், தனியே நடந்துகொண்டிருந்தார். தரைக்கடியிலிருந்து வந்த சத்தம் இழுத்தது. அப்புறம் அஸ்ட்ரிடையும் நண்பர் யூர்கன் ஃபோல்மரையும் அழைத்துவந்தார். கறுப்பு உடையும் பிரெஞ்சுத் தத்துவமுமாகத் திரிந்த கூட்டம் அது. அஸ்ட்ரிட் ஐவரையும் காலையில் காலிச் சந்தைத் திடலுக்குக் கூட்டிப்போய் ராட்டினங்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே நிற்கவைத்துப் படம் எடுத்தார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால், மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காத பையன்களின் முகத்தில் ஏதோ ஓர் உறுதி ஏறியிருப்பது தெரியும். ஸ்டூவர்ட்டும் அஸ்ட்ரிடும் காதலித்து நிச்சயமும் செய்துகொண்டார்கள்.

முதல் பயணம் முடிந்த விதம் கௌரவமானதாக இல்லை. போட்டிக் கிளப்பான டாப் டென்னுக்கு மாறப்போகிறார்கள் என்று கோஷ்மீடருக்குத் தெரிந்துவிட்டது. ஹாம்பர்கில் அப்போது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் கிளப்பில் இருக்கக் கூடாது. நவம்பர் 21 அன்று ஜார்ஜ் நாடு கடத்தப்பட்டார். சில நாளில், தங்கிய அறையின் சுவரில் எதையோ கொளுத்தினார்கள் என்று பாலையும் பீட்டையும் போலீஸ் பிடித்து ஊருக்கு அனுப்பியது. லெனன் ஆம்ப்ளிஃபயரை முதுகில் சுமந்துகொண்டு தனியாக ரயிலேறினார். ஊர் வந்ததும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் சில நாட்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் லிதர்லாந்து. நடன அரங்கில் நின்ற கூட்டம் கண்டது, குடிகாரக் கப்பல்காரர்களை வாசலிலிருந்து உள்ளே இழுக்கக் கற்றுக்கொண்ட ஒரு குழுவை. அவ்வளவு பலத்தோடும் வேகத்தோடும் ஒரு குழு மேடையில் இயங்குவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

இப்போது அடுத்த அறை. லிவர்பூல் மேத்யூ தெரு, எண் 10. பழக் கிடங்குகள் நிறைந்த குறுகிய சந்து. செங்குத்தான கல் படிகளில் இறங்கினால் பக்கம் பக்கமாக மூன்று செங்கல் வளைவுச் சுரங்கங்கள். 1957 ஜனவரியில் ஜாஸ் கிளப்பாகத் தொடங்கிய கேவர்ன் இதுதான். காற்றோட்டம் கிடையாது. கூட்டம் சேர்ந்தால் சுவரிலும் கூரையிலும் வியர்வை நீராகக் கோத்து ஒழுகும். கழிப்பறைக்கு ஊற்றும் கிருமிநாசினி, அழுகிய பழம், சிகரெட் எல்லாம் சேர்ந்த வாடை வீடு வரை துணியோடு வரும். பீட்டில்ஸ் என்ற பெயரில் அவர்கள் இங்கே முதலில் வாசித்தது 1961 பிப்ரவரி 9 அன்று, மதிய வேளையில். மொத்தக் குழுவுக்கும் 5 பவுண்டு.

மதியம் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை செய்யும் பெண்களும் பையன்களும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஷில்லிங் கொடுத்து வருவார்கள். மது கிடையாது, சூப்பும் கோலாவும்தான். ஹாம்பர்கில் யாரென்றே தெரியாத ஆட்கள் குடித்துவிட்டுக் கத்தினார்கள். கேவர்னில் இருந்தவர்கள் குடிக்காதவர்கள், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்தவர்கள், நாளைக்கும் வரப்போகிறவர்கள். பாட்டின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு நீட்டுவார்கள். ஈரம் இறங்கி மின்சாரம் போய்விட்டால், லெனனும் மெக்கார்ட்னியும் ஜோக் அடித்தும் விளம்பரப் பாட்டுப் பாடியும் நேரம் ஓட்டுவார்கள். ஹாம்பர்கில் உடம்பு வளைந்தது, கேவர்னில் பேச்சு பழகியது. பின்னாளில் அமெரிக்கச் செய்தியாளர்களின் கேள்விகளுக்கு நால்வரும் பதில் சொன்ன சாமர்த்தியம் எங்கே கற்றது என்று கேட்டால், இந்தச் சுரங்கத்தின் மதிய வேளைகளைத்தான் காட்டுவேன்.

தெரிந்த முகங்களுக்கு முன்னால் வாசிப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. அதே கூட்டம் இன்னொரு நாள் இன்னொரு குழுவின் வாயிலும் அதே பாட்டைக் கேட்கும். லிவர்பூலில் அப்போது நூற்றுக்கணக்கான குழுக்கள், பாட்டுகளோ பொது. அமெரிக்கா போய்வந்த மாலுமிகள் கொண்டுவந்த அபூர்வ இசைத்தட்டுகளே இவர்களின் ரகசியம் என்று ஒரு கதை உண்டு. அவர்கள் பாடியவற்றில் பெரும்பாலானவை பிரிட்டனிலேயே வெளியானவை. கடையில் நின்று கேட்டு, யாரும் கவனிக்காத இசைத்தட்டுகளின் பின்பக்கப் பாட்டுகளைப் பொறுக்கினார்கள். அதையும் அடுத்த குழு பிடித்துவிடும். யாரும் எடுக்க முடியாத பாட்டு என்றால் அது சொந்தப் பாட்டுதான். லெனனும் மெக்கார்ட்னியும் பள்ளி நாட்களில் எழுதி நோட்டில் வைத்திருந்தவற்றைத் தூசி தட்டி மேடைக்குக் கொண்டுவந்ததற்கு இந்த நெருக்கடி ஒரு பெரிய காரணம் என்று மெக்கார்ட்னி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இடையில் 1961 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம் மறுபடி ஹாம்பர்க், இந்த முறை டாப் டென்னில். ஸ்டூவர்ட் ஓவியம் படிக்க அங்கேயே தங்க முடிவுசெய்ததால், யாரும் விரும்பாத பேஸ் கித்தார் பாலின் கைக்கு வந்தது. வயலின் வடிவ ஹோஃப்னரை அவர் வாங்கியது அந்த ஊரில்தான். பாடகர் டோனி ஷெரிடனுக்குப் பின்னணியாக 'மை பானி' பதிவானது அந்த ஜூனில்.

1961 நவம்பர் 9 மதியம் கேவர்னின் படிகளில் ஒரு கோட்டு சூட்டு இறங்கியது. அருகில் இசைத்தட்டுக் கடை நடத்திய பிரையன் எப்ஸ்டீன். அவர் மேலாளரான பின் மேடையில் சாப்பிடக் கூடாது, புகைக்கக் கூடாது, திட்டக் கூடாது. தோல் சட்டை போய்க் கோட்டு வந்தது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து குனிந்து வணங்க வேண்டும். அசல் பீட்டில்ஸ் அன்றோடு போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. லெனனே அப்படிப் பேசியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோட்டைப் போட்ட பிறகும் தாளம் அதேதான்.

1962 புத்தாண்டு அன்று காலையில் லண்டன் டெக்கா நிறுவனத்தில் 15 பாட்டுகள் பாடிக் காட்டினார்கள், நிராகரிக்கப்பட்டார்கள். அந்தப் பதிவைக் கேட்டால் டெக்காவைத் திட்டத் தோன்றாது. எதிரே ஆளில்லாத அறையில், குளிர்ந்த காலையில், யாரை இழுப்பது என்று தெரியாமல் தயங்கும் குரல்கள் அவை. இரண்டு வருடம் கூட்டத்தின் முகம் பார்த்தே வளர்ந்தவர்களுக்குக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் எப்படிப் பாடுவது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் ஹாம்பர்கில் ஸ்டார் கிளப் திறப்புக்காக வந்து இறங்கியபோது, ஸ்டூவர்ட் முந்தைய நாள் மூளையில் ரத்தக் கசிவால் இறந்துவிட்ட செய்தியை அஸ்ட்ரிட் விமான நிலையத்தில் வந்து சொன்னார். 21 வயது. இரண்டு நாள் கழித்து மேடையேறினார்கள். ஆகஸ்ட்டில் பீட் பெஸ்ட் நீக்கப்பட்டார். நண்பர்கள் சொல்லவில்லை, எப்ஸ்டீனை விட்டுச் சொல்லவைத்தார்கள். இரண்டு வருடம் அந்தப் பெரிய டிரம்மை மிதித்தவருக்கு அது நியாயமான விடைபெறல் அல்ல. ரிங்கோ வந்தார். அக்டோபரில் 'லவ் மி டூ' வெளியானது. ஒத்துக்கொண்ட தேதிகளைத் தீர்க்க டிசம்பரில் கடைசியாக ஸ்டார் கிளப் போனார்கள். ஐந்து பயணங்களில் ஏறத்தாழ 270 இரவுகள். அந்தக் கடைசி நாட்களில் வீட்டு டேப் ரெக்கார்டரில் யாரோ பதிந்த நாடா 1977இல் இசைத்தட்டாக வந்தது. ஒலி மோசம், நடுவே ஜெர்மன் கூச்சல், கண்ணாடிக் குவளைச் சத்தம். எனக்கு அது பொக்கிஷம். பாட்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடும் வேகத்தைக் கேட்டால் அந்த அறை கண்ணில் தெரிகிறது.

முதல் நெடுந்தட்டைக் கேவர்னிலேயே பதியலாமா என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நேரில் வந்து பார்த்தார். எதிரொலி ஒத்துவரவில்லை. அதனால் 1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், காலை பத்து மணிக்குத் தொடங்கி, பத்துப் பாட்டுகளை ஒரே நாளில் பதிந்தார்கள். மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். இவர்கள் பாலைக் குடித்துவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். லெனனுக்கு ஜலதோஷம், நாள் முழுக்கத் தொண்டை மாத்திரை. இரவு பத்து மணி தாண்டி, கேவர்னில் வாசித்துப் பழகிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' மட்டும் பாக்கி. கடைசியில் வைக்கக் காரணம், அதைப் பாடினால் அப்புறம் குரல் இருக்காது. சட்டையைக் கழற்றிவிட்டு லெனன் பாடினார். முதல் தடவையே சரியாக வந்தது. இன்னொரு தடவை முயன்றபோது குரல் எழும்பவில்லை. இசைத்தட்டில் இன்றும் இருப்பது அந்த முதல் தடவைதான். அதே தட்டின் தொடக்கத்தில், முதல் பாட்டுக்கு முன்னால், மெக்கார்ட்னி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று உரக்க எண்ணுவது கேட்கும். வழக்கமாக வெட்டி எறியும் அந்த எண்ணிக்கையை மார்ட்டின் வேண்டுமென்றே விட்டுவைத்தார்.